கேள்வி–பதில்: ஸ்டிக்கில் எத்தனை பொத்தான்கள் வைக்கலாம்?

சென்ற இதழில், வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுவது நம் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி இயலுமா என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, ஸ்டிக்கின், அதாவது விமானி கையில் பிடித்து விமானத்தைச் செலுத்தும் கோலின், தலையில் உள்ள பொத்தான்களுக்கு ஒயர் இழுக்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். சூரிய மின்தகடு, இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, உலோக உடல் கொண்ட இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கிட்டாக (பாகங்களின் தொகுப்பாக) வாங்கிக் கட்டி வருகிறேன். இரண்டு இருக்கைக்கும் தனித்தனி ஸ்டிக். இரண்டின் தலையிலும் ட்ரிம் பொத்தான்களும் ரேடியோவில் பேசும் பொத்தானும் வர வேண்டும். முப்பது ஆண்டுகள் வீட்டு ஒயரிங் செய்தவன் நான். சுவிட்சிலிருந்து நேராக மோட்டாருக்கு ஒயர் இழுத்தால் போதாதா? நடுவில் ரிலே எதற்கு?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: உங்கள் முப்பது ஆண்டு அனுபவம் பெரிதும் கைகொடுக்கும். ஆனால் இரண்டு பழக்கங்களைக் கொட்டகை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். விளக்குக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் சுவிட்சின் வழியாகவே போவது முதல் பழக்கம். வீட்டில் அது சரி, ஏனெனில் அங்கே சுவிட்ச் பெரியது. அதோடு, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், அணைக்கும் நேரத்தில் எழும் பொறி தானாகவே அவிந்துவிடுகிறது. உங்கள் விமானத்தில் இருப்பது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். அது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. ஒரு மோட்டாரை அணைக்கும்போது எழும் பொறி சற்று நேரம் நின்று எரிந்து, கைப்பிடிக்குள் அடங்கும்படி சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செய்யப்பட்ட அந்தச் சுவிட்சின் தொடுமுனைகளைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும்.

இரண்டாவது, சுவிட்சை லைவ் பக்கத்தில் வைக்கும் பழக்கம். ஸ்டிக் கைப்பிடிகள் பெரும்பாலானவற்றில் எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர்தான் இருக்கும் (விமானத்தில் எர்த் என்பது பாட்டரியின் நெகட்டிவ் பக்கம்). பொத்தானை அழுத்தினால் அதற்குரிய தனி ஒயர் எர்த்துடன் சேரும், அவ்வளவே. ஆறு பொத்தான்களுக்கு ஏழு ஒயர்கள் போதும் என்பதால், விரல் நுழையாத குழாயில் இது பெரிய வசதி. இந்த வசதிக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உலோக விமானத்தின் உடல் முழுவதுமே எர்த். ஆகையால் உறை தேய்ந்த ஒயர் ஒன்று ஸ்டிக் குழாயின் உட்சுவரைத் தொட்டால், யாரும் தொடாமலே அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டதாகிவிடும். எனவே ஸ்டிக்கின் வழியாகப் போகும் ஒவ்வோர் ஒயரையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது அறுந்தால் என்ன ஆகும்? இது உடலைத் தொட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்தில் மேற்கொண்டு நான் எழுதப் போவதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகளே.

இனி ட்ரிம்முக்கு வருவோம். விமானி கையால் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்காமல், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகட்டின் பின்விளிம்பில் உள்ள ஒரு சிறு மடலை நகர்த்தி ஸ்டிக்கின் பாரத்தைக் குறைப்பதே ட்ரிம். மடலை நகர்த்துவது சிறிய சர்வோ மோட்டார். பலரும் பயன்படுத்தும் ரே ஆலன் நிறுவனச் சர்வோக்களிலிருந்து ஐந்து மெல்லிய ஒயர்கள் வரும். இரண்டு வெள்ளை ஒயர்கள் மோட்டாருக்கு உரியவை. ஆரஞ்சு, நீலம், பச்சை ஆகிய மூன்றும் மடல் எங்கே நிற்கிறது என்று விமானியின் முன்னுள்ள பலகையில் காட்டும் கருவிக்குப் போகின்றன. வெள்ளை ஒயர்களில் ஒன்றுக்குப் பாசிட்டிவும் மற்றதற்கு எர்த்தும் கொடுத்தால் ஒரு திசையிலும், மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையிலும் மோட்டார் சுழலும். நீங்கள் சொல்வதுபோல் இரு ஸ்டிக்குகளிலும் துருவம் மாற்றும் சுவிட்சுகளை வைத்து நேராக மோட்டாருக்கு இணைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூக்கை ஏற்றவும், பக்கத்தில் இருப்பவர் இறக்கவும் ஒரே நொடியில் அழுத்தினால், பாசிட்டிவும் எர்த்தும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளும். பிரேக்கர் விழுந்தால் நல்லது, விழுவதற்குள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் கெட்டது.

ரிலே இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறது. ஒரு சுருளில் பாயும் சிறு மின்னோட்டத்தின் காந்த இழுப்பால் பெரிய மின்னோட்டத்தை மாற்றிவிடும் சுவிட்சே ரிலே. பக்கி என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டிகளில் முன்விளக்குக்கு இருக்கிறதே, அதுபோன்ற ஐந்து முனை ரிலேக்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் 30ஆம் முனையையும் ஒரு வெள்ளை ஒயருக்கு இணைக்க வேண்டும். சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது 30 சேர்ந்திருப்பது 87ஏ முனையுடன், பாயும்போது 87 முனையுடன். 87ஏ முனைகள் இரண்டும் எர்த்துக்கும், 87 முனைகள் இரண்டும் பிரேக்கர் வழியாகப் பாசிட்டிவுக்கும் போகட்டும். சுருளின் 86ஆம் முனை அதே பிரேக்கரிலிருந்து வரும் பாசிட்டிவில் இருக்கும். 85ஆம் முனையிலிருந்துதான் ஸ்டிக்குக்கு ஒயர் போகிறது. முதல் ரிலேக்கு இரு ஸ்டிக்குகளின் ‘மூக்கு மேலே’ பொத்தான்களும், இரண்டாவதற்கு இரு ஸ்டிக்குகளின் ‘மூக்கு கீழே’ பொத்தான்களும் ஒன்றாக வந்து சேரும். யாரும் தொடாதபோது மோட்டாரின் இரு முனைகளும் எர்த்தில் கிடக்கும், அதனால் விரலை எடுத்த கணமே மோட்டார் வழுக்காமல் நின்றுவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முனை மட்டும் பாசிட்டிவுக்குத் தாவி மோட்டார் ஓடும். இருவரும் எதிரெதிராக அழுத்தினால் இரு முனைகளும் பாசிட்டிவுக்குப் போய்விடுவதால் மோட்டார் அசையாது, எதுவும் எரியாது. இந்த அமைப்பை முதன்முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் வீட்டார் இன்றளவும் புரிந்துகொள்ளவில்லை.

இப்போது ஸ்டிக் வழியாகப் போவது ரிலேச் சுருளின் மின்னோட்டம் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 0.15 ஆம்பியர். 22 கேஜ் செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு 0.05 ஓம் அளவு. போக வர 6 மீட்டர் என்றால் 0.3 ஓம். சுருளின் மின்னோட்டத்துக்கு இதில் இழப்பு 0.05 வோல்ட்கூட இல்லை. அதே ஒயரில் 5 ஆம்பியர் இழுக்கும் ஒரு மோட்டாரை ஓட்டினால் 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டையோடைப் போட மறக்காதீர்கள். சுருள் அணையும்போது எழும் உயர் மின்னழுத்தத்தை அது விழுங்கிவிடுவதால் பொத்தானின் ஆயுள் பல மடங்கு கூடும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம், அதாவது 86இல் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் அழுத்தத்திலேயே பிரேக்கரோ டையோடோ போய்விடும்.

அந்த இரு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பார்ப்போம். ஸ்டிக் ஒயர் அறுந்தால், அந்தக் கைப்பிடியில் அந்தத் திசை ட்ரிம் வேலை செய்யாது. பக்கத்து ஸ்டிக்கில் வேலை செய்யும். உடலைத் தொட்டால் மடல் கடைசி எல்லை வரை ஓடிவிடும், ஸ்டிக் கனத்துவிடும். அந்த நேரத்தில் எதிர்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், மேலே சொன்ன காரணத்தால், மோட்டார் நின்றுவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பிரேக்கரை இழுத்துவிட வேண்டும். ஆகவே ட்ரிம்முக்கென்று தனியாக 1 அல்லது 2 ஆம்பியர் பிரேக்கர், கையால் இழுக்கக்கூடியதாக, தேடாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். காலடியில் மறைந்திருக்கும் உருகி பயன்படாது.

கடைசியாக, பறப்பதற்கு முன் மடலின் திசையைக் கண்ணால் பாருங்கள். சாதாரண மடலாக இருந்தால், ‘மூக்கு கீழே’ என்று அழுத்தும்போது மடலின் பின்விளிம்பு மேலே எழ வேண்டும். எழும்பிய மடல் காற்றை வாங்கித் தகட்டைக் கீழே தள்ளும், அதனால் வால் எழுந்து மூக்கு தாழும் என்பதே கணக்கு. “மூக்கு கீழே என்றால் மடலும் கீழே போக வேண்டும்” என்று நினைத்து, சரியாக இருந்த இரண்டு வெள்ளை ஒயர்களை மாற்றிப் போட்டவர்களை நான் அறிவேன்.

கேள்வி: விமானக் கண்காட்சியில் போர் விமானத்தின் ஸ்டிக் ஒன்றைப் பார்த்தேன், பொத்தான்களாகவே இருந்தது. என் விமானத்திலும் ஸ்டார்ட்டர், ஃப்ளாப் எல்லாவற்றையும் ஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– டொங்காட் வாசகர்

பதில்: போர் விமானி பல மடங்கு உடல் எடையுடன் திரும்பிக்கொண்டிருக்கும்போது பலகைக்குக் கையை நீட்ட இயலாது என்பதற்காக அவருக்கு அப்படிச் செய்து கொடுத்தார்கள். நாம் மார்கேட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

ஸ்டார்ட்டரை ஸ்டிக்கில் வைப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வால்சக்கர விமானத்தில் ஒரு கையால் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி, மறு கையைத் திராட்டிலில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியில்) வைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்புவது உண்மையிலேயே வசதிதான். ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பறந்துகொண்டிருக்கும்போது அந்த ஒயர் உடலைத் தொட்டால், ஓடும் இன்ஜினின் பற்சக்கரத்தில் ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரமான பினியன் போய் மோத முயலும். அப்படியும் வேண்டும் என்றால், பலகையில் ஒரு தனிச் சுவிட்சை வைத்து, இன்ஜின் பிடித்தவுடன் ஸ்டிக்கின் ஸ்டார்ட்டர் சுற்றையே அதனால் துண்டித்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் பெரிய ரிலேயின்) சுருள் சில ஆம்பியர்களை இழுக்கும் என்பதால் அதற்கும் நடுவே ஒரு சிறு ரிலே தேவை.

ஃப்ளாப்பைப் பற்றி, அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகட்டைப் பற்றி, எனக்கு இரண்டு கருத்து இல்லை. வேகமானியின் வெள்ளை வளைவுக்கு மேற்பட்ட வேகத்தில் ஃப்ளாப் இறங்கினால் கட்டமைப்பே சேதமாகலாம். பயணி ஒருவர் சன்னல் பக்கம் திரும்பும்போது முழங்காலோ கேமராவின் வாரோ பொத்தானில் பட்டால் போதும். அது பலகையிலேயே இருக்கட்டும். ஸ்டிக்கில் ட்ரிம், பேச்சு, தானியங்கி விமானி இருந்தால் அதைத் துண்டிக்கும் பொத்தான் ஆகிய மூன்றும் போதும் என்பது என் தீர்ப்பு.

கேள்வி: பறக்கத் தொடங்கிச் சில மாதங்களுக்குள் இரண்டு முறை ஸ்டிக்கின் அடியில் ஒயர் அறுந்துவிட்டது. இரண்டு முறையும் நன்றாகவே ஈயம் வைத்தேன். எங்கே தவறு?
– லெனேஷியா வாசகர்

பதில்: நன்றாக ஈயம் வைத்ததுதான் தவறு. உருகிய ஈயம் இணைப்போடு நில்லாமல், திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், செம்பு இழைகளுக்கிடையே ஏறி உறைக்குள்ளும் சற்றுத் தூரம் போய்விடும். அதுவரை வளைந்து கொடுத்த 19 இழைகள் அந்த நீளத்துக்கு ஒரே கம்பியாக இறுகிவிடுகின்றன. ஈயம் முடிந்து இழைகள் மீண்டும் தனித்தனியாகும் அந்த எல்லையில்தான் ஒவ்வொரு அசைவும் வந்து மோதும். அறுந்த ஒயரின் முனையைப் பாருங்கள், வெட்டினாற்போல் நேராக இருக்கும். ஆகவே அசையும் பகுதியில் ஈய இணைப்பே வேண்டாம். கைப்பிடிக்குள் சுவிட்சின் கால்களில் ஈயம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதன்மேல் சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டு, அங்கிருந்து சில அங்குலத்துக்கு ஒயர் அசையாதபடி கட்டிவிடுங்கள். கீழே வரும் இணைப்பைக் கிரிம்ப் முனைகள் (ஈயமின்றி நசுக்கிப் பொருத்துபவை) கொண்ட, பல ஒயர்களை ஒன்றாகக் கோக்கும் டி-சப் கனெக்டராக வைத்தால், பக்கத்து இருக்கையின் ஸ்டிக்கை வேண்டும்போது கழற்றவும் முடியும்.

ஒயர் எது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டு ஒற்றைக் கம்பி ஒயர் என்றால் அதை இன்றே அகற்றுங்கள். டெஃப்செல் உறையிட்ட, வெள்ளீயம் பூசிய பல இழை விமான ஒயர் 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தீப்பட்டாலும் பி.வி.சி. உறைபோல் அது கண்ணை மறைக்கும் புகையைக் கக்காது. டர்பன் கடற்கரைப் பக்கம் பூச்சில்லாத செம்பு எவ்வளவு விரைவில் கறுத்துவிடும் என்பதை உப்புக்காற்றில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிக்குக்குள், 22ஐவிட மெல்லிய 24 அல்லது 26 கேஜ் போதும்.

அடுத்தது ஒயர் போகும் வழி. ஸ்டிக் குழாயில் ஒயர் வெளிவரும் துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, விரலை வைத்துச் சுற்றிப் பார்த்து, எங்கும் பிசிறு தட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே ரப்பர் வளையத்தைப் போட வேண்டும். துளையிலிருந்து தரைக்கு ஒயர் நேராக இறங்கக் கூடாது. அச்சைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம் விட்டால், ஸ்டிக் அசையும்போது ஒரே இடத்தில் மடிவதற்குப் பதிலாக ஒயர் முழு நீளத்துக்கும் சற்றே முறுக்கிக்கொள்ளும். ஆனால் அந்த வளையம் தள்ளுகோலிலோ நெம்புகோலிலோ சிக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. ட்ரிம் போனால் கை வலிக்கும், ஸ்டிக் சிக்கினால் விமானமே போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கனெக்டரிலும் மற்றதை எர்த்திலும் பிடித்து, பொத்தானை அழுத்தியபடியே ஸ்டிக்கை நான்கு மூலைகளுக்கும் மெதுவாகக் கொண்டு போங்கள். பீப் ஒலி ஒரே இழையாக நீள வேண்டும். எங்காவது ஒரு கணம் கரகரத்தால் அங்கே ஓர் ஒயர் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு பொத்தானை விட்டுவிட்டு அதையே மறுபடியும் செய்யுங்கள், இம்முறை மீட்டர் மூச்சே விடக் கூடாது. முதல் சோதனை அறுந்ததைக் காட்டும், இரண்டாவது உடலைத் தொடுவதைக் காட்டும். பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: ரேடியோவில் பேசும்போது இரைச்சல் கேட்கிறது. பேச்சுப் பொத்தானின் எர்த்தை ஸ்டிக் குழாயிலேயே திருகாணியால் இணைத்திருக்கிறேன். இதுதான் காரணமா?
– மெர்பேங்க் வாசகர்

பதில்: பெரும்பாலும் அதுதான். உடலின் வழியாக விளக்கு, பம்ப், மோட்டார் எல்லாவற்றின் மின்னோட்டமும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மைக்கின் எர்த்தையும் சேர்த்தால் அவற்றின் குரலும் உங்கள் குரலோடு கலந்துவிடும். பேச்சுப் பொத்தானின் எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து, இண்டர்காமின் (இருக்கைகளின் மைக்குகளையும் ரேடியோவையும் இணைக்கும் கருவியின்) எர்த் இருக்கும் இடத்திலேயே சேருங்கள். ஹெட்செட் ஜாக்குகளையும் பிளாஸ்டிக் வளையங்கள் போட்டு உடலிலிருந்து பிரித்து வையுங்கள். மைக் ஜாக்கில் நுனி பேச்சுப் பொத்தானுக்கும், நடு வளையம் மைக்குக்கும், அடி எர்த்துக்கும் உரியவை. இரண்டு ஸ்டிக்குகளின் பேச்சுப் பொத்தான்களையும் ட்ரிம் பொத்தான்களைப்போல் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். எவர் அழுத்தினாரோ அவரது மைக்கை மட்டும் திறக்க வேண்டும் என்பதற்காகவே இண்டர்காமில் இரண்டுக்கும் தனித்தனி முனை கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஒயர் உடலைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் வாயாலேயே கற்றுக்கொண்டேன். என் முதல் விமானத்தில் மேலே சொன்ன அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் போட்டேனே தவிர, விளிம்பை மழுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கரும்புத் தோட்டங்களுக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, வீட்டில் மீன் குழம்பா பருப்பா என்று எனக்கு நானே பேசிக்கொண்டும், இடையிடையே பாடிக்கொண்டும் வந்தேன். வெகு நேரமாக அலைவரிசையில் வேறு குரலே கேட்கவில்லையே என்று பார்த்தால், ரேடியோவின் முகத்தில் ஒலிபரப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் முழுவதும் அங்கே வேறு எவராலும் பேச முடியவில்லை, நான் பாடுவதை மட்டும் கேட்டிருக்கிறார்கள். இறங்கியதும் ஒருவர் மிகுந்த மரியாதையுடன், “குழம்புதானா, அண்ணா?” என்று கேட்டார். இப்போது வரும் சில ரேடியோக்கள் அரை நிமிடத்துக்கு மேல் பொத்தான் அழுந்தியே இருந்தால் தாமாகவே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல என்றால், பேச்சுப் பொத்தானின் ஒயரைத் துண்டிக்கும் ஒரு சிறு சுவிட்சைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. பக்கத்து வீட்டில் விமானம் கட்டுகிறவர் ஒயரிங் வேலைக்கு அவனையும் உடன் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இது பிள்ளைகள் செய்யும் வேலையா, ஐயா? அவன் இழுத்த ஒயரை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளுமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: அம்மா, தாராளமாக அனுப்புங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே டெடர்ஃபீல்டில் உருவாகும் ஸ்லிங் விமானத்தின் நான்கு இருக்கை வகை ஒன்றை நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளே கூடிக் கட்டி, 2019இல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை பறந்து காட்டினார்கள். தனியார் விமானி உரிமத்துக்கே பதினேழு வயது போதும் என்னும்போது, ஒயர் இழுக்கப் பதினாறு குறைந்த வயதன்று.

அரசாங்கத்தைப் பொறுத்தவரை, வீட்டில் கட்டும் விமானங்கள் ‘இசட்-யூ’ என்று தொடங்கும் பதிவெண் பெறுகின்றன. அங்கீகாரம் பெற்ற ஒருவர் வேலையைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்ட பிறகே விமானப் போக்குவரத்து ஆணையம் பறக்க அனுமதி தரும். அவர் பார்ப்பது வேலையின் தரத்தையே தவிர வேலை செய்தவரின் வயதை அல்ல. தரையையும் ஸ்டிக்கின் உறையையும் மூடுவதற்கு முன் ஒவ்வொரு நிலையிலும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு காட்டு என்றால் மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பையனுக்கு முதல் நாளே விமானத்தின் ஒயரைக் கொடுக்க வேண்டாம். இருபது வெட்டுத் துண்டுகளைக் கொடுத்து, இருபதிலும் கிரிம்ப் முனை போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையால் பலமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கழன்று வந்தன என்று எண்ணி, எதுவும் கழலாத அன்று ஸ்டிக்கின் அருகே உட்கார வைக்கலாம். அப்போதும் முதலில் அவன் கையில் இருக்க வேண்டியது பென்சில். எந்தப் பொத்தானிலிருந்து எந்த முனைக்கு என்ன எண்ணுள்ள ஒயர் போகிறது என்று வரைந்து முடித்து, அதே எண்ணை ஒயரின் இரு முனைகளிலும் ஒட்டிய பிறகுதான் குழாய்க்குள் விட வேண்டும். ஏழு வெள்ளை ஒயர்கள் மறுபக்கம் வெளியே வந்த பிறகு எது எதுவென்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட நேரும். அன்று மின்வெட்டும் சேர்ந்துகொண்டால் நீங்கள்தான் டார்ச் பிடிக்க வேண்டியிருக்கும்.